குழம்பு மீனும் இருநூற்று நாற்பது நாளும்

“யாரு ஊர்க்காரன், யாரு வந்தவன்னு இந்தப் பொண்ணுக்கு இன்னா தெரியும்? இதுவே பாதி நாளு ஊர்ல இல்லியே!”

நான் எங்கள் மீனவர் சங்கத்தில் எழுத்தராகச் சேர்ந்த அன்று, சங்கத் தலைவர் என் முன்னாலேயே சொன்னது இது. சொல்லிவிட்டு, நான் துடைத்துத் துடைத்துப் பளபளப்பாக்கி வைத்திருந்த மேசையின் மேல் தன் ஈரத் துண்டைப் போட்டார்.

அவர் சொன்னதில் பொய் இல்லை. எங்கள் தாழந்திட்டுக்கு ஒரு பக்கம் கடல், மறுபக்கம் ஏரி. ஐந்தாம் வகுப்புக்கு மேல் படிக்க வேண்டுமென்றால் படகில் ஏரியைத் தாண்டிப் பழவேற்காடு, அங்கிருந்து பஸ்ஸில் பொன்னேரி. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். ஆறு வருஷம் பொன்னேரி விடுதியில் தங்கிப் படித்து, எஸ்.எஸ்.எல்.சி. தேறி, தட்டச்சும் கற்றுக்கொண்டு ஊர் திரும்பியபோது, கரையில் இறங்கிய என்னைப் பார்த்து நாய்கள் குரைத்தன. தலைவரின் வாயை மன்னித்துவிட்டேன். அந்த நாய்களை இன்னும் மன்னிக்கவில்லை.

மல்லிகா, நூர்ஜஹான், நீங்கள் இருவரும் திங்கட்கிழமை முதல் இந்த மேசையில் உட்காரப் போகிறீர்கள். பதிவேடு எழுதுவதும் கோப்பு கட்டுவதும் ஒரு வாரத்தில் கைக்கு வந்துவிடும். விதிப்புத்தகம் அலமாரியில் இருக்கிறது. நான்காம் பக்கத்தைக் கரையான் தின்றுவிட்டது; அதில் முக்கியமாக ஒன்றுமில்லை. ஆனால் ஊரே கூடி நின்று உங்கள் பேனாவின் முனையைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது என்ன செய்வது என்பது, கரையான் தின்னாத பக்கங்களிலும் இல்லை. எனக்கு அது ஒரு முறை நேர்ந்தது. அதற்கு முன்னால் நான் செய்த அசட்டுத்தனங்களையும் சேர்த்தே சொல்கிறேன். என்னிடம் கேட்காவிட்டால் என் அம்மா சொல்லிவிடுவாள். அவள் சொன்னால் இன்னும் மோசமாக இருக்கும்.

எழுபதுகளின் கடைசி அது. வெளிநாட்டில் இறாலுக்குக் கிராக்கி ஏறிக்கொண்டிருந்தது. எங்கள் கரையில் இறால் இருந்தது, ஐஸ் இல்லை. காலையில் பிடித்த இறால் ஏரியைத் தாண்டிப் பழவேற்காட்டுத் துறையைச் சேர்வதற்குள் வெயில் ஏறிவிடும். வியாபாரி மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் விலை சொல்வார். மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசுகிறவரிடம் பேரம் பேசிப் பாருங்கள், தெரியும்.

அப்போதுதான் தனசேகரன் என்பவர் வந்து சேர்ந்தார். பினாங்கில் பிறந்து வளர்ந்த தமிழர். நாற்பது வயது இருக்கும். அங்கே நடத்திவந்த கடையை விற்றுவிட்டு, இந்தக் கரையில் ஐஸ் கிடங்கு கட்டி, இங்கேயே நிரந்தரமாகக் குடியிருக்கப்போவதாகச் சொன்னார். ஊருக்கு அவர் பினாங்கு சார். வெள்ளைக் காற்சட்டை, வெள்ளைச் சப்பாத்து. வானொலியில் செய்தி வாசிப்பதுபோல் தமிழ் பேசுவார்.

கட்டடத்துக்கு முதல் அவருடையது, இடம் சங்கத்துடையது. சங்கத்து இடத்தை உறுப்பினருக்குத்தான் கொடுக்கலாம். வெளியிலிருந்து முதலோடு வருகிறவர் உறுப்பினராவதற்கு ஒரு விதி இருந்தது. அந்த விதி வந்ததற்கும் ஒரு காரணம் இருந்தது. முன்பு சென்னையிலிருந்து ஒருவர் வந்து, உறுப்பினராகி, இரண்டு படகு வாங்கி, மூன்றாம் மாதம் காணாமல் போனார். ஒரு படகு மக்கிவிட்டது. இன்னொன்றில் இன்றைக்கும் தலைவருடைய ஆடுகள் தூங்குகின்றன. அதற்குப் பிறகுதான் பொதுக்குழு கூடி, முதல் போட வருகிறவர் ஒரு வருஷத்துக்குள் இருநூற்று நாற்பது நாள் ஊர்வாசியாக வசித்திருக்க வேண்டும் என்று எழுதி வைத்தது. வசித்தார் என்று எழுத்தர் கையெழுத்திட வேண்டும். பொன்னேரியிலிருந்து மேற்பார்வையாளர் வந்து பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். பொய்ச் சான்று கொடுத்தால் எழுத்தருக்கு வேலை போகும்.

நான் சேர்ந்து அப்போது ஆறு மாதம் ஆகியிருந்தது. நான் கையெழுத்துப் போட்டால் ஊருக்கு ஐஸ் வரும். போடாவிட்டால் பினாங்கு சார் ஆந்திரப் பக்கம் போய்விடுவார். அங்கே இடம் தருகிறோம் வாருங்கள் என்று ஏற்கெனவே கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தெரியாமல் போட்டால், எங்கள் குடும்பத்தின் முதல் உத்தியோகம் கடைசி உத்தியோகமாகிவிடும்.

ஒரு மனிதன் ஓர் ஊரில் வசிக்கிறான் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? விடுதியில் தினமும் வருகை எடுப்பார்கள். எனக்குத் தெரிந்த வழி அதுதான். ஒரு நோட்டுப் போட்டு, தினம் காலை வந்து கையெழுத்து இட வேண்டும் என்று பினாங்கு சாரிடம் சொன்னேன். மறுநாளே வந்துவிட்டார்.

“எழுத்தர் அவர்களுக்கு இனிய காலை வணக்கம். இன்றும் நான் இவ்வூரில் உள்ளேன்.”

நான்காவது நாள், ஏரியில் கையால் இறால் தடவிப் பிடிக்கப் போய்க்கொண்டிருந்த அஞ்சலை அக்கா பறிக்கூடையும் கையுமாக வாசலில் நின்றுவிட்டாள்.

“இன்னா செல்வி, அந்தாளுக்கு மட்டும் தெனம் கையெழுத்து வாங்குற? இன்னா தரப் போறாங்க, மண்ணெண்ணெயா?”

“ஒண்ணும் தரலக்கா. அவர் ஊர்ல இருக்காருன்னு எழுதிக்கிறேன், அவ்ளோதான்.”

“நானும்தான் ஊர்ல கீறேன். எழுதிக்கோ.”

எழுதிக்கொண்டிருக்கக் கூடாது. ரேகையை வாங்கிவிட்டேன். மறுநாள் பதினோரு பேர் வந்தார்கள். அதற்கடுத்த நாள் வரிசை கிணறு வரைக்கும் போயிற்று. நைலான் வலை தரப்போகிறார்கள் என்று ஒரு கட்சி, மண்ணெண்ணெய்தான் என்று ஒரு கட்சி. கையெழுத்துப் போடாதவர்களை ஊரைவிட்டு அனுப்பப்போகிறார்கள் என்பது மூன்றாவது கட்சி. அதில்தான் ஆள் அதிகம். பிறந்ததிலிருந்து இந்த மணலைத் தவிர வேறு மணலை மிதிக்காதவர்கள், தாங்கள் இங்கே இருக்கிறோம் என்று என்னிடம் நிரூபிப்பதற்காக ஈரக் கட்டைவிரலோடு நின்றார்கள்.

என் நைனாவும் வந்தார். கடலிலிருந்து நேராக, தலையில் உப்பு காய்ந்து வெளுத்திருக்க.

“ஏம்மா, நேத்து விடிகாலையில போனவன் இப்பத்தான் கரையேறுறேன். நேத்து நாளு எனக்கு உண்டா, இல்லியா?”

“கடல்ல இருந்தா ஊர்ல இல்லதானே நைனா?”

“அப்ப நான் நேத்து எந்த ஊர்ல இருந்தேன்?”

இதற்கு நான் யோசித்து ஒரு தீர்ப்பு எழுதினேன். கடலில் கழித்த நாள் அரை நாளாகக் கொள்ளப்படும். தட்டச்சு செய்து சுவரில் ஒட்டியபோது மிகவும் பெருமையாக இருந்தது. சாயங்காலத்துக்குள் யாரோ கூட்டிக் கழித்துப் பார்த்திருக்கிறார்கள். என் தீர்ப்புப்படி ஊரில் இருந்த ஆண்களில் ஒருவருக்கும் இருநூற்று நாற்பது நாள் தேறவில்லை. தலைவருக்கே தேறவில்லை. நாள் குறையாமல் தேறக்கூடியவர் ஒரே ஒருவர்தான்: கடல் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காத பினாங்கு சார்.

தலைவர் அந்தத் தாளைச் சுவரிலிருந்து பிய்த்து எடுத்துக்கொண்டு வந்தார். “உன் ரூல்படி இந்த ஊரே அந்தாளுக்குத்தான் சொந்தம். நாங்கள்லாம் இங்க இருக்கணும்னா அவராண்ட மனு போடணும். நல்லா படிச்சியேம்மா!”

தாளை எடுத்துக்கொண்டேன். ஆனால் நோட்டை விடவில்லை. அதன் உயிர் போனது ஒரு வெள்ளிக்கிழமை. பினாங்கு சார் வந்து, அன்றைய கையெழுத்தோடு அடுத்த நான்கு நாளைக்கும் சேர்த்துப் போட்டார்.

“சென்னைக்குச் செல்கிறேன். நான் இல்லாததால் தங்கள் பணிக்கு இடையூறு நேர்ந்துவிடக் கூடாது அல்லவா?”

முழு நல்லெண்ணத்தோடு சொன்னார். நானும் நன்றி சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் படகேறிய பிறகுதான் எனக்கு உறைத்தது.

எண்ணுவதற்கு வசதியாக இருக்கிறது என்பதற்காக எதையும் எண்ண ஆரம்பிக்காதீர்கள். இதை நான் அப்போதே புரிந்துகொண்டேன் என்று சொல்ல ஆசைதான். ஆனால் அப்போது நான் செய்தது, எண்ணுவதற்கு இன்னும் வசதியான ஒன்றைத் தேடியது.

கண்டும்பிடித்தேன். பினாங்கு சார் தினமும் என் அம்மாவிடம்தான் மீன் வாங்குவார். ஊரில் இருந்தால்தான் சாப்பிடுவார், சாப்பிட்டால்தான் மீன் வாங்குவார். முன்கூட்டியே வாங்கி வைத்தால் நாறிவிடும். ஆகவே மீன் வாங்கிய ஒவ்வொரு நாளும் அவர் ஊரில் இருந்த நாள். இந்த யோசனை வந்த அன்று எனக்குக் கால் தரையில் பாவவில்லை. சின்னச் சின்னத் துண்டுத் தாளில், “தாழந்திட்டு. ஒரு கூறு மடவை. பெற்றுக்கொண்டவர் தனசேகரன்” என்று தேதியோடு நான் எழுத, அம்மா கீழே ரேகை வைப்பாள். அவர் வாங்காத நாளுக்குச் சீட்டு இல்லை.

“மீனு விக்கிறதுக்கு ரேகை வெக்கிறவ இந்தக் கடக்கரையில நான் ஒருத்திதான்டி” என்பாள் அம்மா. விரலில் மை போகாமல் அவள் தொட்ட மீனெல்லாம் நீலமாகக் கிடந்தது. ஆனாலும் ஒரு நாள் தவறாமல் வைத்தாள்.

சீட்டுகள் சேர்ந்தன. ஒன்றின்மேல் ஒன்றாகக் கம்பியில் குத்தி வைத்தேன். மழைக்காலம் வந்து போயிற்று. ஒரு நாள் எண்ணிப் பார்த்தால் இருநூற்று நாற்பத்தாறு. பொன்னேரிக்குக் கடிதம் எழுதினேன். மேற்பார்வையாளர் வரும் நாளும் குறிப்பிட்டு வந்துவிட்டது.

அவர் வந்த படகு சேற்றில் தட்டி நின்றது. இறங்கியவரின் ஒரு செருப்பைச் சேறு வாங்கிக்கொண்டது, திருப்பித் தரவில்லை. ஒற்றைச் செருப்போடு வலை பின்னும் கொட்டகைக்கு வந்து, பெஞ்சில் உட்கார்ந்து, பன்னிரண்டு மணிப் படகைப் பிடித்தே ஆக வேண்டும் என்றார். ஊர் முழுக்க வந்து உட்கார்ந்திருந்தது. கரையோரத்தில் கிடங்குக்கான இடத்தில் பினாங்கு சார் நான்கு முளை அடித்துக் கயிறு கட்டியிருந்தார். எல்லோரும் நடுநடுவே அந்தக் கயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டார்கள்.

நான் சீட்டு மாலையைத் தூக்கிக் காட்டினேன். மேற்பார்வையாளர் நாலைந்தைப் புரட்டினார்.

“பிரமாதம்மா! இவ்ளோ சுத்தமா ஆதாரம் வெச்சிருக்கிற சங்கத்த நான் எங்கியும் பாத்ததில்ல. சான்றுல கையெழுத்தப் போடு, நானும் போட்டுட்டுக் கெளம்புறேன்.”

பேனா மூடியைத் திறந்தேன். நெஞ்சு முழுக்கப் பெருமை. அப்போது பின்னாலிருந்து அஞ்சலை அக்காவின் குரல்.

“அது இன்னா மாலை செல்வி?”

“மீன் சீட்டுக்கா. பினாங்கு சார் மீன் வாங்கினதுக்கு.”

“எத்தினி நாளு?”

“இருநூத்தி நாப்பத்தாறு நாளும்.”

“எல்லா நாளுமா வாங்கினாரு?”

“எல்லா நாளும்.”

பெண்கள் பக்கத்தில் ஒரு சிரிப்பு கிளம்பியது. முதலில் அஞ்சலை அக்கா, பிறகு அவள் பக்கத்தில் இருந்தவள், பிறகு கூடைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த என் அம்மா. அம்மா சிரித்தால் லேசில் நிற்காது. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

“சார், இந்த ஊர்ல மீனக் காசு குடுத்து வாங்கித் தின்னுறவன் எவன்னு ஒருத்தனக் காட்டுங்க பாப்போம்.”

சான்றின் மேல் வைத்த பேனாவை எடுத்துவிட்டேன்.

உங்களில் நூர்ஜஹான் பழவேற்காட்டுப் பெண், அவளுக்காகச் சொல்கிறேன். எங்கள் ஊரில் யாரும் மீன் வாங்குவதில்லை. வலை கரைக்கு வந்ததும், விற்பதற்கு எடுத்து வைக்கும் முன், குழம்பு மீன் என்று ஒரு பங்கை ஒதுக்குவார்கள். கயிறு பிடித்தவனுக்குக் கொடுப்பார்கள். காய்ச்சலில் படுத்திருக்கிறவன் வீட்டுக்குப் போகும். ஆண் துணை இல்லாத வீட்டுக்குப் போகும். நேற்றுச் சண்டை போட்டவன் வீட்டுக்கும் போகும். முகத்தைப் பார்க்காமல் வைத்துவிட்டு வருவார்கள். பங்கிடுவது பெண்கள். காசு கொடுத்து வாங்குகிறவர், வெளியிலிருந்து வந்தவர் மட்டுமே. இது நான் பிறந்த நாளிலிருந்து எனக்குத் தெரியும். தினமும் தின்று வளர்ந்த விஷயம். அதனாலேயே அது விதி என்று எனக்குத் தோன்றவில்லை.

பினாங்கு சார் எழுந்தார். “அம்மையீர், எவரிடமும் எதையும் இலவசமாகப் பெறக் கூடாது என்பது என் கொள்கை.”

“அதான் சார் தப்பாப் போச்சு” என்றாள் அம்மா. “தெனமும் காசக் குடுத்து, நான் உங்க ஊர்க்காரன் இல்லன்னு நீங்க சொல்லினே இருந்தீங்க. எம் பொண்ணு அத்த எழுதினே இருந்தா. நான் ரேகை வெச்சினே இருந்தேன்.”

“தெரிஞ்சிருந்தா ஏம்மா சொல்லல?” என்று கத்திவிட்டேன்.

“நீ படிச்ச பொண்ணு. ஏதோ காரணமாத்தான் செய்யறேன்னு நெனச்சேன்.”

மேற்பார்வையாளர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். “இத பாருங்க, எனக்கு இந்தக் குழம்பெல்லாம் தெரியாது. மனுசன் இங்க இருந்தாரா, இல்லியா?”

“இருந்தாரு சார்” என்றாள் அஞ்சலை அக்கா. “விருந்தாளியும்தான் இருப்பான்.”

தலைவர் என் பக்கம் குனிந்து ரகசியமாகச் சொன்னார். அவருடைய ரகசியம் ஏரிக்கு அந்தப் பக்கம் வரை கேட்கும். “பேஜாரு பண்ணாதம்மா. போட்டுடு. ஐஸு போயிடும்.”

சிரித்த பெண்களும் இப்போது சிரிக்கவில்லை. அவர்களுக்கும் ஐஸ் வேண்டும். என் அம்மாவின் கூடையில் அன்றைக்கு இருந்த இறாலுக்கும் வேண்டும். பினாங்கு சார் வெள்ளைச் சப்பாத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். நல்ல மனிதர். ஒரு சீட்டுகூடப் பொய் இல்லை. பொய்யாக இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

பேனாவை மூடினேன். அந்தச் சின்னச் சத்தம் எனக்கு மட்டும் பெரிதாகக் கேட்டது. தலைவரிடம்தான் சொன்னேன்.

“என்னால முடியாது மாமா. இவரு இந்த ஊர்ல இருந்தாரு. ஊரோட இருக்கல. அவரு மேல தப்பு இல்ல. எப்படி இருக்கணும்னு நாம யாரும் சொல்லல. நான் பாட்டுக்குச் சீட்டு எழுதினு இருந்தேன்.”

“அப்ப தகுதி இல்லன்னு எழுதிக் குடு” என்றார் மேற்பார்வையாளர்.

“அதுவும் எழுத மாட்டேன் சார். இன்னும் தகுதி வரல. நாள மொதல்லேருந்து எண்ணணும்.”

பினாங்கு சார் நிமிர்ந்தார். ஒரு வருஷமாக அவர் வாயில் கேட்காத தமிழ் வந்தது. “மறுபடியும் மொதல்லேருந்தாம்மா?”

அதற்கு நான் பதில் சொல்வதற்குள் கடல் பக்கமிருந்து கூச்சல். அன்று காலை கரைவலை வளைத்திருந்தார்கள். வழக்கமாகக் கயிற்றுக்கு இருபது இருபத்தைந்து பேர் நிற்பார்கள். எல்லோரும் என் சான்றைப் பார்க்க வந்துவிட்டதால் அங்கே ஆறு பேர்தான். வலை நிறைய மீன். நீரோட்டம் வலையை இழுக்க, வலை ஆறு பேரையும் கடலுக்குள் இழுத்துக்கொண்டிருந்தது.

“ஐயோ, ஓடியாங்கடா!”

கூட்டம் எழுந்து ஓடியது. தலைவர் ஓடினார், பெண்கள் ஓடினார்கள், நான் பேனாவோடு ஓடினேன். எதற்கு ஓடுகிறோம் என்று தெரியாமல் மேற்பார்வையாளரும் ஒற்றைச் செருப்போடு ஓடினார். திரும்பிப் பார்த்தால் பினாங்கு சார் உட்கார்ந்து சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். அதை அவர் கழற்றி நாங்கள் பார்த்ததே இல்லை. உள்ளே காலுறை வேறு இருந்தது. அதையும் கழற்றி, மடித்து, சப்பாத்துக்குள் வைத்துவிட்டுத்தான் ஓடிவந்தார்.

அவர் இழுத்த அழகைச் சொல்ல வேண்டும். கயிற்றுப் பாட்டின் தாளத்துக்கு எல்லோரும் பின்னுக்குச் சாயும்போது அவர் முன்னுக்குச் சாய்வார். எல்லோரும் மூச்சு விடும்போது அவர் இழுப்பார். “எப்போது இழுக்க வேண்டும் என்று முன்னறிவிப்புச் செய்யுங்கள்!” என்று கத்தினார். “பாட்டக் கேளு சார், பாட்டக் கேளு!” என்று என் நைனா முன்னாலிருந்து கத்தினார். ஒரு முறை சறுக்கி மேற்பார்வையாளர் மடியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஆனால் கயிற்றை மட்டும் விடவில்லை. வலை கரையேறியபோது இரண்டு உள்ளங்கையும் உரிந்து சிவந்திருந்தன.

அம்மாவும் அஞ்சலை அக்காவும் குழம்பு மீனைப் பிரித்தார்கள். கயிறு பிடித்தவர் ஒவ்வொருவருக்கும் முன்னால் மணலில் ஒரு குவியல். மேற்பார்வையாளருக்கும் ஒன்று வைத்தார்கள்.

“எனக்கா? நான் அரசாங்க உத்தியோகஸ்தன்மா. ஒண்ணும் வாங்கக் கூடாது.”

“யாரு சார் குடுத்தா? நீங்க இழுத்தீங்க, உங்க மீனு. வேணாம்னா உங்களுக்கு இன்னிக்கி நாளு கெடையாது” என்றாள் அஞ்சலை அக்கா.

அவர் கொஞ்சம் யோசித்தார். பிறகு, ஓடிவந்த அவசரத்தில் சட்டைப் பையில் செருகியிருந்த தாளை எடுத்து அதில் மீனைச் சுருட்டினார். அது நான் கையெழுத்துப் போடாத சான்று என்பதை அவரும் பார்க்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அடுத்த குவியல் பினாங்கு சாருக்கு. பன்னிரண்டு கிழங்கான் மீன். அம்மா வைத்துவிட்டு நிமிர்ந்தாள். பினாங்கு சார் குனிந்து பார்த்தார். பழக்க தோஷம், வலது கை காற்சட்டைப் பைக்குள் போயிற்று.

அம்மாவின் கை அந்தரத்தில் நின்றது. தலைவர் கண்ணை மூடிக்கொண்டார். அந்தக் கை காசோடு வெளியே வந்தால், அடுத்த படகில் ஐஸ் கிடங்கு ஆந்திரப் பக்கம் போய்விடும் என்று எல்லோருக்கும் தெரிந்தது. யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லிக் கொடுத்துச் செய்தால் அதற்கு மதிப்பில்லை.

கை வெளியே வந்தது. கைக்குட்டை. அதை மணலில் விரித்து, மீனை ஒவ்வொன்றாக அடுக்கி, நான்கு முனையையும் சேர்த்து முடிந்துகொண்டார்.

“நல்ல மீன்” என்றார்.

“மொத நாளு!” என்று கத்தினார் தலைவர்.

பினாங்கு சார் ஆந்திரப் பக்கம் போகவில்லை. மறுபடி முதலிலிருந்து இருநூற்று நாற்பது நாள் இருந்தார். இரண்டாம் மாதத்தில் பாட்டுக்கு இழுக்கக் கற்றுக்கொண்டார். ஐந்தாம் மாதத்தில் வானொலித் தமிழ் உடைந்து, “இன்னா செல்வி, ஆளயே காணோம்?” என்று கேட்டார். சப்பாத்து என்ன ஆயிற்று என்று தெரியவில்லை. தலைவர் வீட்டு ஆட்டுக்குட்டிகள்மேல் சந்தேகம் உண்டு. ஐஸ் கிடங்கு வந்தது. ஆனால் ஒரு வருஷம் தாமதமாக வந்தது. அந்த ஒரு வருஷத்து இறாலும் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் விலை போயிற்று. அதற்காக என்னைத் திட்டாதவர்கள் குறைவு. நைனாகூட ஒரு நாள் சாப்பிடும்போது திட்டினார். சரியானதைச் செய்தால் உடனே தட்டிக்கொடுப்பார்கள் என்று எதிர்பார்த்து இந்த நாற்காலியில் உட்காராதீர்கள்.

அந்த வருஷமே பொதுக்குழுவில் விதியை மாற்றி எழுதினோம். குழம்பு மீன் பங்கு போகும் ஆளே ஊர்வாசி. சாட்சி, மீன் பங்கிடும் பெண்கள் இருவர். எங்கள் சங்கத்துத் தாளில் சாட்சியாகப் பெண்களின் ரேகை விழுந்தது அதுதான் முதல் முறை. கடலில் இருந்த நாள் முழு நாள், ஏனென்றால் அவன் பங்கு வீட்டுக்குப் போய்விடுகிறது. அதை நான் வாசித்தபோது தலைவர் பழைய கதையை எடுத்தார்.

“எல்லாம் சரி. இந்த ரூலை எழுதுற பொண்ணே ஆறு வருசம் பொன்னேரில இருந்துச்சே, அது இன்னா கணக்கு?”

“அதுக்குப் பங்கு நிறுத்தினமா நாம?” என்றாள் அஞ்சலை அக்கா. “காய வெச்சி அனுப்புனதே நான்தான் மாமா.”

எனக்கு அப்போதுதான் புரிந்தது. விடுதிக்கு மாதா மாதம் பஸ்ஸில் ஒரு கருவாட்டுப் பொட்டலம் வரும். அறை முழுக்க நாறும். கூடப் படித்த பெண்கள் மூக்கைப் பிடிப்பார்கள் என்று வெட்கப்பட்டு, பெட்டிக்கு அடியில் துணி சுற்றி ஒளித்து வைப்பேன். அம்மா விற்று மிஞ்சியதைக் காயவைத்து அனுப்புகிறாள் என்று நினைத்திருந்தேன். அது ஆறு வருஷமும் என் பெயருக்கு ஒதுக்கிய பங்கு. என் வசிப்புச் சான்றை நான் துணி சுற்றி ஒளித்து வைத்திருக்கிறேன்.

தலைவர் தன் துண்டை என் மேசையிலிருந்து எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

இனி உங்கள் வேலை. எனக்குப் பொன்னேரி அலுவலகத்தில் பதவி உயர்வு. மாதப் பாஸ் வாங்கியாயிற்று. போய்விட்டுத் தினமும் திரும்பிவிடுவேன். என் சேமிப்பில் அண்ணனுடைய படகில் பாதிப் பங்கு வாங்கியிருக்கிறேன்; சங்கத்தில் உறுப்பினராக விண்ணப்பிக்கிறேன். விதியில் உறுப்பினர் என்றால் ஆண் என்று எங்கேயும் இல்லை, கரையான் தின்ற பக்கத்திலும் இருந்ததில்லை. இதுவரை ஒரு பெண்ணும் கேட்டதில்லை, அவ்வளவுதான். “வேலை பொன்னேரில, முதல் மட்டும் இங்கியா? இன்னொரு பினாங்கு!” என்று இப்போதே பேச ஆரம்பித்துவிட்டார்கள். அவர்கள் கேட்பதும் நியாயமான கேள்விதான். அதை விசாரிக்க வேண்டியவர்கள் நீங்கள் இருவரும். மேசையை விட்டுப்போன அக்கா என்பதற்காகக் கையெழுத்துப் போடாதீர்கள். பஸ் பாஸைப் பார்த்தும் போடாதீர்கள். கரைக்குப் போய், மீன் பங்கிடுகிறவர்களைக் கேளுங்கள். என் அம்மாவைத் தவிர வேறு இருவரைக் கேளுங்கள்.

இன்று காலை வலை வந்ததும், பங்கிடும் இடத்தில் உட்கார்ந்து கூடவே பிரித்துக் கொடுத்துவிட்டு, என் பங்கைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு, கைகூடக் கழுவாமல் வந்து விண்ணப்பத்தை உங்கள் இழுப்பறையில் வைத்துவிட்டேன். தாளில் ஒரு மீன் செதில் ஒட்டியிருக்கும். தட்டிவிடாதீர்கள். அது முதலாம் இணைப்பு.